அம்மன் மாலையைத் தொடாதவள்

சங்கரன்கோவில் கோயில் வாசல் பூக்கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்குத் தூரமான பெண் கோமதியம்மன் மாலையைத் தொடக்கூடாது, மூன்று நாள் லீவு. அங்கே பூக்கட்டும் மாடத்திக்கு வந்த வினை, அந்த மூன்று நாள் முடியவே மாட்டேன் என்றது.

தை மாதம் ஆரம்பித்த உதிரப்போக்கு ஆனியிலும் நிற்கவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்த வீட்டில் யாரிடம் சொல்ல? கடைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று ஒரு பொய். கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் சுமதி, மகள் சடங்குக்கு வீடு தேடி வந்து அழைத்தாள். அதற்கும் போகவில்லை, சேலையில் பட்டுவிடுமோ என்ற பயம். திமிர் பிடித்தவள் என்று சுமதி பேச்சை நிறுத்திவிட்டாள். மாடத்தி டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு அழுதாள். ஆளே இல்லாத வீட்டில் யாருக்குக் கேட்டுவிடும் என்று பயந்தாளோ!

கொல்லையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"கருப்பைத் தசையில வளர்ற கட்டிம்மா, புற்றுநோய் இல்ல" என்றார் டாக்டரம்மா. "கருப்பைக்கு வெளிப்பக்கம் வர்றது பெரும்பாலும் சும்மா கிடக்கும். சுவருக்குள்ள வர்றது வலிக்கும். உங்களுக்கு உள்பக்கம் நீட்டிட்டு இருக்கே, அதுதான் இப்படிக் கொட்ட வைக்குது. ரத்தம் ஏத்தித்தான் ஆபரேஷன் பண்ணணும். கூட இருக்க ஆள் கூட்டிட்டு வாங்க."

கட்டியைவிட அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளுக்குப் பெரிய கவலை. ஆளுக்கு எங்கே போவாள்?

வெட்கத்தை விட்டுப் பூக்கடைக்குப் போனாள். உள்ளே ஏறாமல் தெருவில் நின்றபடியே சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுமதி கட்டுகிற பிச்சிப்பூவை விட்டுத் தலை நிமிரவில்லை.

"எனக்கும் அதே கட்டிதான்க்கா. போன வருசமே ஸ்கேன் பாத்துச் சொல்லிட்டாவ. மாத்திரை தின்னுதேன், ரத்தம் நிக்க மாட்டேங்கு."

"அப்ப இந்த அம்மன் மாலை?"

"ஆத்தாளுக்குத் தெரியாதா? அவளும் பொம்பளதான."

மாடத்திக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, ஏட்டி! நாதியத்து வீட்டுக்குள்ள கிடந்தேனே!"

"நீ சொன்னியாக்கா? என் வீட்டுல அத்தனை பேர் இருக்காவ, ஒருத்தர்ட்டயும் நான் சொல்லல" என்றாள் சுமதி. அவள் கை முதல் தடவையாக நின்றது. "உனக்குத் துணைக்கு நான் வாரேன். எனக்கு அறுக்கும்போது நீ வருவியா?"