நெட்டுக்கு அந்தப் பக்கம்

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்கு அதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

எண்பத்தாறாம் வருடம் நல்ல கோடையில் ரம்ஜான் வந்தது. நோன்பு பாதி தாண்டியிருந்த ஒரு நாள், எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி வாலிபால் கிளப்பின் செயலாளர் தீர்த்தகிரி நான் வேலை செய்யும் பட்டறைக்கு வந்தார்.

"தாவூது, இந்த வருசம் மேட்ச எந்த ஞாயித்துக்கெழம வெச்சுக்கலாம்? உனக்குத் தோதாப் பாத்துச் சொல்லு" என்றார்.

சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு பார்வை பார்த்தேன். இருபத்தொன்பது நோன்பில் பிறை தெரிந்துவிடும், அடுத்த நாள் ஞாயிறு, பெருநாள் என்று நானே முடிவு கட்டினேன்.

"பெருநாளன்னைக்கே வெச்சுக்குங்கண்ணா. பிரியாணி தின்னுட்டு வந்து ஆடறேன். பசங்களுக்கு அன்னைக்குத்தான் சரியா இருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே போய் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார். பிறையைக் கண்ணால் பார்க்காமல் பெருநாளை முடிவு செய்ய எங்கள் தெருவில் ஒரு குழந்தைகூடத் துணியாது. நான் துணிந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிவாசல் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தோம். ஒரே மேகம். மொரப்பூரில் தெரிந்ததா, தருமபுரியில் தெரிந்ததா என்று விசாரித்தார்கள். எங்கும் தெரியவில்லை. நாளைக்கு முப்பதாவது நோன்பு என்று மைக்கில் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினேன். பின்னாலேயே என் முதலாளி காஜா பாய் வந்தார். பள்ளிவாசல் கமிட்டியிலும் அவர் இருக்கிறார்.

"என்னடா, பிரியாணி ஆறிடுச்சா?" என்றார்.

அந்த மேட்ச் என்ன மேட்ச் என்று சொல்லியாக வேண்டும். எங்கள் கிளப்பில் வருடத்துக்கு ஒரு தடவை கல்யாணமானவர்கள் ஒரு பக்கமும் ஆகாதவர்கள் மறுபக்கமும் நின்று ஆடுவார்கள். அந்த வருடம் யாருக்குக் கல்யாணமானதோ அவன் முதல் தடவையாக நெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போவான். கல்யாணமானவர்கள் பனியனோடு வந்து, தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, சிரித்து, தோற்று, சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தோற்றதும் புது மாப்பிள்ளை அங்கேயே ஜெர்சியைக் கழற்றி ஆகாதவன் ஒருவன் கையில் கொடுக்க வேண்டும். அதோடு சரி. பிறகு அவன் டோர்னமென்டுக்குப் போக முடியாது. கோட்டுக்கு வெளியே நின்று கொடி பிடிக்கலாம், நன்கொடை கொடுக்கலாம். ஜெயித்தால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. இந்த வழக்கம் வந்த ஒன்பது வருடத்தில் அவர்கள் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லையே!

எனக்கு ஜனவரியில் கல்யாணம். வயது இருபத்தொன்பது. பதினேழு வயதிலிருந்து ஆடுகிறேன். எட்டு வருடமாக ஏழாம் நம்பர் என்னுடையது. கல்யாணம் பண்ணிக்கொண்டேனே தவிர, காலை வெட்டிக் கொடுத்துவிடவில்லை. எந்த மடையன் போட்ட சட்டமோ, அதற்கு நான் ஏன் தலையாட்ட வேண்டும்?

ஏழாம் நம்பருக்குக் காத்திருந்தவன் சின்னராஜ். இருபத்தொரு வயது, பனைமரம் மாதிரி வளர்த்தி. எகிறி நெட்டுக்கு மேலே பந்தை அறைவதை நாங்கள் கட் என்போம். அவன் கட் அடித்தால் ரோட்டு டீக்கடை வரை சத்தம் கேட்கும். ஒரு காலத்தில் நான் அடித்தாலும் கேட்டது. இப்போது பாதித் தூரம் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறை தெரியாத செய்தி கேட்டு, ஞாயிறு காலையில் தீர்த்தகிரி பட்டறைக்கே வந்துவிட்டார். அவருக்கு நாற்பது நெருங்குகிறது. கல்யாணமானவர்கள் பக்கத்தில் எனக்குப் பந்து தூக்கிக் கொடுக்கப்போகிறவர் அவர்தான். அப்போது நான் ஒரு தனியார் பஸ்ஸின் சீட்டுக்கு ரெக்சின் இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். எஃப்.சி.க்கு, அதாவது வண்டி இன்னும் ரோட்டில் ஓடத் தகுதி என்கிற சர்டிபிகேட்டுக்கு, போகும் பஸ்கள் வரிசையாக வந்து நின்றதால் ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை.

"தாவூது, ரெஃப்ரி மொரப்பூர்ல இருந்து வராரு. அவருக்கு இன்னைக்கு உட்டா வேற நாள் இல்ல. ஒரே ஒரு நோன்பு... அப்புறமாப் புடிச்சுக்க முடியாதா?" என்றார் தயங்கித் தயங்கி.

நான் பதில் சொல்வதற்குள் காஜா பாய் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். "நோன்ப எதுக்குய்யா உடணும்? ஆட்டத்த உடச் சொல்லு. முப்பது வயசு ஆவப்போவுது, வூட்ல பொண்டாட்டி இருக்கா, இன்னும் டவுசர் போட்டுக்கிட்டுப் பசங்களோட குதிக்கிறான். டேய், உனக்கு எஃப்.சி. முடிஞ்சு போச்சுடா!"

தீர்த்தகிரி சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"பதினஞ்சு வருசம் ஓடுன வண்டிக்கே சீட்ட மாத்தி, பெயின்ட் அடிச்சு எஃப்.சி. வாங்கிக் குடுக்கறோம். எனக்கு மட்டும் காயலான் கடையா பாய்?" என்றேன். சுத்தியலை ஓங்கி ஓர் அடி அடித்தேன். அது ஆணியில் படாமல் கட்டைவிரலில் பட்டது. அந்த வலியையும் காட்டிக்கொள்ளவில்லை.

யோசிக்க யோசிக்க ஆத்திரம்தான் வந்தது. கிரவுண்டுக்காரர்கள் நோன்பை விடு என்கிறார்கள். பள்ளிவாசல்காரர் ஆட்டத்தை விடு என்கிறார். பன்னிரண்டு வயதிலிருந்து, டைபாய்டு வந்த ஒரு வருடம் தவிர, நான் ஒரு நோன்புகூட விட்டதில்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை. விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்திருக்காமல் தூங்கிய நாட்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. எனக்கும் படைத்தவனுக்கும் நடுவில் உள்ள கணக்கு அது. எகிறிக் குதிக்கும் காலைக் கொடுத்தவனும் அவன்தான். இரண்டில் ஒன்றை விடு என்று அவன் சொல்லவில்லை, மற்றவர்கள்தான் சொல்கிறார்கள். இரண்டையும் விட மாட்டேன் என்று தீர்மானித்தேன்.

மதியம் சாப்பாட்டு வேலை இல்லாததால் சீக்கிரமே வீட்டுக்குப் போய்ப் பாயில் சாய்ந்தேன். என் மனைவி வஹிதா தலைமாட்டில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக என்னவோ தைத்துக்கொண்டிருந்தாள். கம்பைநல்லூர்ப் பெண். அதிகம் பேச மாட்டாள். பேசினால் நேராகப் பேசுவாள்.

"ஏங்க, காதோரம் ஒரு வெள்ள முடி இருக்குது. புடுங்கட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும். அதுவும் என்னோடதுதான்."

"ஆடப் போறீங்கதான?"

"போறேன்."

"போங்க. ஆனா முட்டி தெரியிற டவுசர் வேணாம். நோன்போட போறீங்க." அவள் தைத்துக்கொண்டிருந்ததைத் தூக்கிக் காட்டினாள். என் பழைய பேன்ட். இடுப்புப் பட்டைக்கு உள்ளே சின்னதாக ஒரு பை வைத்துத் தைத்திருந்தாள். காகிதத்தில் சுற்றிய பேரீச்சம்பழம் ஒன்றை அதில் செருகினாள்.

"இது எதுக்கு? அஞ்சே முக்காலுக்கெல்லாம் முடிஞ்சிரும்" என்றேன்.

"பெருநாளக்கூடத்தான் ஞாயித்துக்கெழமன்னு அடிச்சுச் சொன்னீங்க" என்றாள்.

நான் பேன்ட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

நாலு மணிக்குத் தொடங்க வேண்டிய மேட்ச் ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. ரெஃப்ரி வந்த பஸ் வழியில் பஞ்சர். வெயில் தாழ்ந்தாலும் தரை கொதித்தது. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேன்ட் போட்டுக்கொண்டு வந்த என்னைப் பார்த்துச் சின்னராஜ் கூட்டத்தார் விசிலடித்தார்கள். "ஆபீசர் வராருடோய்!"

முதல் செட் ஒன்பதுக்குப் பதினைந்து என்று போனது. எங்கள் ஆட்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். எனக்குக் கெட்ட கோபம் வந்தது.

"சிரிக்கறதா இருந்தா வூட்டுக்குப் போய்ச் சிரிங்க. இங்க ஆடுங்க" என்று கத்தினேன். பெரியவர்களைப் பார்த்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் அவர்கள் சிரிப்பு நின்றது. இரண்டாவது செட்டில் தீர்த்தகிரி அண்ணன், என் கட்டை எதிர்பார்த்து எல்லாரும் நெட்டில் எகிறும்போது, பந்தை அடிக்காமல் விரல் நுனியால் தட்டி ஆளில்லாத இடத்தில் வைத்தார். நாலு தடவை அப்படியே பாயின்ட் எடுத்தார். அது எனக்குப் பிடிக்காது. கிழவன் ஆட்டம் என்று எத்தனையோ தடவை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் பதினைந்துக்குப் பன்னிரண்டு என்று அந்த செட் எங்களுக்கு வந்தது. கூட்டம் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூன்றாவது செட்டில் மூன்றுக்கு எட்டு என்று பின்தங்கினோம். "டைம் அவுட் கேக்கறேன்டா, மூச்சு வாங்கிக்கலாம்" என்றார் தீர்த்தகிரி. ஒரு செட்டுக்கு இரண்டு டைம் அவுட், ஒவ்வொன்றும் முப்பது விநாடி.

"வேணாம்ணா. அப்படியே இருக்கட்டும்."

ஒன்பதுக்குப் பதின்மூன்றில் மறுபடியும் கேட்டார். அவர் முகம் சிவந்திருந்தது. "இப்பக்கூட எடுக்காம அத ஊறுகாயா போடப்போற?"

"இருக்கட்டும்ணா. சொன்னா கேளுங்க." நான் மேற்கே பார்த்தேன். சூரியன் அடிவானத்துக்குப் போய்விட்டது. அவரும் மேற்கே பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

என் முட்டி இரண்டும் கழன்று போகும் போலிருந்தது. வயது ஏறுவதை நான் மறுக்கவில்லை. அது பாட்டுக்கு ஏறட்டும். அதற்காக நான் எழுந்து இடம் விட வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். விழுந்து, புரண்டு, பேன்ட் முட்டியில் கிழிந்து, ஒவ்வொன்றாகப் பிடித்தோம். பதின்மூன்றுக்குப் பதினான்கு. அவர்களுக்கு ஒரே ஒரு பாயின்ட் போதும். சர்வீஸ் போட சின்னராஜ் பந்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள்.

"டைம் அவுட்!" என்று தீர்த்தகிரி கத்தினார். நான் கேட்கக்கூட இல்லை.

இடுப்புப் பட்டைக்குள் விரலை விட்டேன். பழம் நசுங்கிப்போய்க் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. பிஸ்மில்லா சொல்லி வாயில் போட்டேன். யாரோ சொம்பில் தண்ணீர் நீட்டினார்கள். அந்தத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றி இருநூறு பேர் நின்றார்கள். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதினார்.

"இன்னொன்னு இருக்குது, எடுக்கட்டுமா?" என்றார் தீர்த்தகிரி.

"போதும்ணா. தொழுகைக்கு நேரமாவுது, சீக்கிரம் முடிக்கணும்" என்றேன்.

சின்னராஜ் சர்வீஸ் போட்டான். அதைப் பிடித்து சர்வீஸை வாங்கினோம். நாங்கள் சர்வீஸ் போட்டு ஒரு பாயின்ட் எடுத்தோம், பதினான்குக்குப் பதினான்கு. பிறகு அவன் அடித்த கட் ஒன்று கோட்டுக்கு வெளியே போனது. பதினைந்து. ஜெயிக்க இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும், இன்னும் ஒன்று பாக்கி. அடுத்த பந்தைத் தீர்த்தகிரி அழகாகத் தூக்கினார். எனக்கென்றே அளவெடுத்துப் போட்ட பந்து. எட்டு வருடமாக இந்த மாதிரிப் பந்தை நான் அறைந்ததைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. சின்னராஜும் பார்த்திருக்கிறான். அவனும் இன்னொருவனும் கையை விரித்துக்கொண்டு எகிறினார்கள். நானும் எகிறினேன். எகிறியதுமே தெரிந்துவிட்டது, உயரம் போதவில்லை. அறைந்தால் அவர்கள் கையில்தான் படும்.

விரலை நீட்டித் தட்டினேன். பந்து அவர்கள் தலைக்குப் பின்னால், ஆளில்லாத மண்ணில், பொத்தென்று விழுந்தது.

கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் ஆட்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயித்தால் என்ன செய்ய வேண்டும் என்று வழக்கம் இருந்தால்தானே? சின்னராஜுக்காக என் ஜெர்சியை வாங்கிக்கொள்ள வந்து நின்றிருந்த பையன் மெதுவாகக் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

சின்னராஜ் நெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"கடைசிப் பந்த நீங்க அடிக்கலியேண்ணே. தட்டிதான வெச்சீங்க. அது கெழவன் ஆட்டம்."

"ஆமாண்டா, கெழவன் ஆட்டந்தான். நாளைக்குப் பெருநாள், நான் வர மாட்டேன். செவ்வாக்கெழம காலைல அஞ்சரைக்குப் பிராக்டீசுக்கு இதே கெழவன் ஏழாம் நம்பரப் போட்டுக்கிட்டு வருவான். முடிஞ்சா தடுத்துக்க" என்றேன்.

சொல்லிவிட்டுத் தொழுகைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு, நொண்டிக்கொண்டே போனேன். மேற்கில் பிறை நன்றாகத் தெரிந்தது. நேற்று எங்கே போயிருந்தாய் என்று அதைக் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் கிரவுண்டுக்குப் போனேன். நான்தான் முதல் ஆள் என்று நினைத்தேன். கம்பத்தடியில் தீர்த்தகிரி, சுருட்டி வைத்த நெட்டைக் கட்டுவதற்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். பனியன்தான் போட்டிருந்தார். ஆனால் அதன் முதுகில் கறுப்பு பெயின்டால் பெரிதாக நாலு என்று எழுதியிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவருடைய கல்யாணத்தோடு போன நம்பர். பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை.

"என்னண்ணா இது?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கும் எஃப்.சி. வேணும்டா. பேசிக்கிட்டு நிக்காத, அந்தப் பக்கம் போய் நெட்ட இழுத்துக் கட்டு."