டிசம்பர் இருபத்தெட்டு

என் மகன் கீதனை அணியில் எடுக்காததற்கு யார் காரணம் என்று கேட்டால், கடைத்தொகுதிப் பிளாசா மேல்மாடியில் சாதகம் பார்க்கும் சாத்திரியார் செல்வரட்ணத்தைத்தான் கைகாட்டுவேன். ஐந்து வருடமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களையும் மறித்து வைத்துச் சொன்னேன்.

விஷயம் இதுதான். ஐஸ் ஹொக்கியில் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிப்பார்கள். சனவரி ஒன்றில் பிறந்தவனும் டிசம்பர் முப்பத்தொன்றில் பிறந்தவனும் ஒரே அணிக்குத்தான் முட்டுப்பட வேண்டும். என்ன நியாயமோ! கீதன் வயிற்றில் தலைமாறிக் கிடந்தபடியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று டொக்டர் இரண்டு நாள் தந்தார். ஒன்று டிசம்பர் இருபத்தெட்டு, மற்றது சனவரி மூன்று. எது நல்ல நாள் என்று கேட்க நாங்கள் சாத்திரியாரிடம் போனோம். பிள்ளை டிசம்பரில் பிறந்தான். ஆறு நாள், வெறும் ஆறு நாள் பொறுத்திருந்தால் இன்றைக்கு இவன் தன் வயது அணியில் மூத்தவன். இப்போது எங்கே போனாலும் கடைக்குட்டி.

நான் இதைச் சொல்லிக் கத்தும்போதெல்லாம் என் மனைவி நிரூபா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" என்று முணுமுணுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.

போன ஞாயிறு மோர்னிங்சைட் பக்கத்து ஐஸ் அரங்கில் கடைசித் தெரிவு. இந்த வயதுக்கு ட்ரிப்பிள் ஏ என்ற பிரிவுதான் உச்சம். அணிக்குப் பதினேழு பேர், வந்து நின்றது அறுபது பேர். பதினேழில் பாதி இடம் மாசி மாதமே பேசி முடிந்திருக்கும் என்பது பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் காசைக் கட்டிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் விறைத்துப்போய் நிற்போம். எங்களைப் போல் விசரர் உலகத்தில் இல்லை.

பக்கத்தில் அன்புராசா நின்றார். மார்க்கத்தில் வீடு. அவருடைய மகன் பிரசாந் சனவரி ஒன்பதில் பிறந்தவன். அரும்புமீசை வேறு. கீதனின் தலை அவனுடைய தோளுக்கு வராது.

"ஜனா அண்ணை, கீதன் நல்லாத்தான் ஓடுறான். கொஞ்சம் கூடச் சாப்பாடு குடுங்கோவன்," என்றார்.

பிட்டும் இறைச்சிக்கறியும் மூக்கு முட்டச் சாப்பிடுகிறவன் என் மகன். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கோப்பியை அவருடைய சப்பாத்தில் ஊற்றியிருப்பேன். "ஓம், பாப்பம்," என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே கீதன் இரண்டு பேருக்கு நடுவால் புகுந்து பந்துக்குப் பதிலாக ஆடும் றப்பர் வில்லையைக் கொண்டுபோனான். அடுத்த கணம் பிரசாந் வந்து தோளால் இடித்து அவனை ஓரப் பலகையோடு நசித்தான். இந்த வயதிலிருந்து அப்படி மோதி விழுத்துவது விதிப்படி சரி. கீதன் விழுந்தான். எழும்பினான், துரத்திப்போய் அதே வில்லையைத் திருப்பிப் பறித்தான். நான் கண்ணாடியில் அடித்தேன். கோச் றொபேட் ஏதோ எழுதினார்.

முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையாகத் தகப்பனோடு ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார்கள். றொபேட் நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். கீதனின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். கையும் மூளையும் இந்த அறுபது பேரில் உனக்குத்தான் திறம். ஆனால் உன்னைப் போட்டு முறித்துவிடுவார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கிழமை பிந்திப் பிறந்திருந்தால் கீழ் வயது அணியின் முதல் பெயர் உன்னுடையதுதான் என்றார்.

ஒரு கிழமை! எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

பிறகு ஒரு துண்டுக் கடதாசியில், நகரத்துக்கு மற்றப் பக்கம் இருக்கும் மிசிசாகா அணியொன்றின் கோச்சுடைய பெயரை எழுதித் தந்தார். சின்ன உடம்புப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கிறவராம். நாளைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு அங்கே கடைசித் தெரிவு, அதோடு எல்லா அணிகளும் நிரம்பிவிடும் என்றார்.

காரில் ஏறியதும் தொடங்கினேன். "உந்தச் சாத்திரியை என்ன செய்யலாம்? கிரகமும் மண்ணாங்கட்டியும்! ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கையை நாசமாக்கிப்போட்டு அங்கை ஏசிக்குள்ளை இருக்கிறார்."

கீதன் தலைக்கவசத்தை மடியில் வைத்து அதன் வாரை முறுக்கிக்கொண்டிருந்தான். கென்னடி வீதி தாண்டியபோது, "அப்பா, டுமாரோ மிசிசாகாக்குப் போவமா?" என்று கேட்டான்.

"நாளைக்கு எனக்கு மூண்டு மணி ஷிப்ட் எல்லோடா. அம்மாவுக்கும் வேலை. எப்பிடிப் போறது?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"எவ்ரி டைம் ஷிப்ட்!" என்று கத்தினான். அவன் என்னிடம் கத்தி நான் கேட்டதில்லை. "நான் பிறக்கேக்கையும் ஷிப்ட், இப்பவும் ஷிப்ட்!"

"என்னடா சொல்லுறாய்?"

"அம்மா எனக்குச் சொன்னவ. ஜனவரிதான் பெட்டர் எண்டு அந்த அங்கிள் சொன்னவராம். நீங்கதான் டிசம்பர் வேணும் எண்டு கேட்டனீங்களாம், ஃபக்டரி குளோஸ் எண்டு. ஸ்டொப் பிளேமிங் ஹிம், அப்பா."

நடந்தது அதுதான். சாத்திரியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ரண்டும் பிழையில்லைத் தம்பி, மூண்டாந் திகதி இன்னும் திறம்," என்றார். நான்தான் இருபத்தெட்டே இருக்கட்டும் ஐயா என்றேன். கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து அப்போது இரண்டு மாதம். நத்தார்ப் பண்டிகையிலிருந்து புதுவருடம் வரைக்கும் மூடல், லீவுக்கு யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை. சனவரி மூன்று என்றால் கேட்க வேண்டும். கேட்டால் வேலையால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். ஹொக்கி மட்டையை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. பழியைத் தூக்கி அந்த மனிதனின் தலையில் கட்டிவிட்டேன், பாவம்.

அடுத்து வந்த பிளாசாவுக்குள் காரைத் திருப்பி நிறுத்தினேன். சுப்பர்வைசருக்குப் போன் அடித்தேன். பன்னிரண்டு வருடத்தில் இப்படி முதல் நாள் சொல்லி நான் வேலைக்குப் போகாமல் நின்றதில்லை. நாளைக்கு வரமாட்டேன் என்றேன். ஆள் போதாது, என்ன காரணம் என்று கேட்டார். மகனுடைய அலுவல் என்றேன். வராவிட்டால் மேலிடத்துக்குப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டிவரும் என்றார். எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

கீதன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் இளகவில்லை.

"டுவெல்வ் இயர்ஸ் லேட், அப்பா," என்றான்.

"ஓமடா," என்றேன்.

தலைக்கவசத்தை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தான். பிறகு, "எத்தினை மணிக்கு வெளிக்கிடோணும்?" என்று கேட்டான்.

"மூண்டு மணிக்கு உன்ரை பள்ளிக்கூட வாசலிலை நிற்பன்."