மாமன் மூக்குக் கட்டி

என் கணவர் தியாகேசனுக்கு மூக்கோரத்தில் ஒரு கட்டி வந்தால் வீடே தாங்காது. குறுவை நடவு சமயத்தில் முதல் கட்டி. சந்தனம் இழைத்துப் போட்டேன், ஆறியது. களையெடுப்பு வருவதற்குள், போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே என்கிற கதையாக, அதே இடத்தில் அடுத்தது. மாத்திரை, களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. சம்பா நட்டும் விடவில்லை.

வேறு சமயமென்றால் கேலி பண்ணிவிட்டுப் போயிருப்பேன். கார்த்திகையில் செம்மொழிக்குக் காதுகுத்து. நாத்தனார் வானதியின் மகள். தாய்மாமன் இவர், இவர் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமியாரும் இல்லாததால் வானதிக்குப் பிரசவம் பார்த்தது நான்தான். ஐந்தாம் மாதம் அவள் புகுந்த வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் பேராவூரணிக்கு அழைத்துப் போகும்வரை இந்த வீட்டில் தூளி ஆடியது. இவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிய ஈரத்தோடு ஆட்டிவிடுவார். கூடம் முழுக்கப் பாலும் சாம்பிராணியும் மணக்கும். அந்த நாட்களுக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

தஞ்சாவூரில் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மேலே புண் ஆறினாலும் கிருமி மூக்குக்குள்ளேயே குடியிருக்கிறது என்றார். கட்டியைப் பிதுக்கக் கூடாது, மூக்கு முடியைப் பிடுங்கக் கூடாது, இரண்டு துவாரத்திலும் களிம்பு தடவ வேண்டும், முகம் படுகிற துணி ஒன்றுவிடாமல் வெந்நீரில் துவைக்க வேண்டும். காதுகுத்தைச் சொன்னேன். அதற்குள் ஆறாவிட்டால் குழந்தையைத் தூக்காதீர்கள், பச்சைக் காதில் தொற்றிக்கொள்ளும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லை அடுப்பில் அண்டாவை ஏற்றித் துண்டு, தலையணை உறைகளைப் போட்டேன். இவர் தனியாகப் படுக்கும் அறைக்குள் போய் மெத்தைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். தூளி கட்டிய மஞ்சள் சேலை. வானதி கொண்டுபோய்விட்டாள் என்று நான் அவளை எத்தனை ஏச்சு ஏசியிருக்கிறேன்.

"இதுல மூஞ்சிய வச்சுத்தான் தெனம் படுப்பேன், கலை. தொவைச்சா புள்ள வாசம் போயிரும்."

எனக்குத் தெரியாமல் தனியாக அனுபவித்திருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. பிடுங்கி முகர்ந்தேன். பாலும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. இவர் தலை எண்ணெய் வாடையும் களிம்பு வாடையும்தான் அடித்தது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாசம் இருக்கா?"

"இருக்குங்க."

"புள்ளையத் தூக்கணும்ல" என்றார். பிறகு சேலையை என் கையிலிருந்து வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, குச்சியால் தானே அமுக்கினார்.