என் வலது காலின் புகழ்

இடது பெருவிரல் பக்கத்தில் எலும்பு புடைத்து, ஷூவே போட முடியாமல் போனதால் ஆபரேஷன் செய்துகொண்டேன். நான் பஸ் ஓட்டுகிறவள். கிளட்சை மிதிக்கும் காலாயிற்றே, சும்மா விட முடியுமா? டாக்டர் அன்றே, "வீக்கம் வத்த மாசக்கணக்காகும்மா, பொறுமையா இருங்க" என்றுதான் சொன்னார். யார் காதில் போட்டுக்கொண்டது? ஆபரேஷன் முடிந்த கொஞ்ச நாளில் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களே போட்ட வீடியோவை அல்லவா நான் நம்பினேன்! பாட்டு ஓடும். 'முன்' என்று ஒரு கோணல் கால். அடுத்த நொடி, 'இரண்டே வாரத்தில்' என்று வழவழவென ஓர் இடது கால், தழும்புகூட இல்லாமல்.

என் காலோ இரண்டு மாதமாகியும் பூசணிக்காய். அதைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்து அழுவேன். இனி ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள், டிப்போவில் ஏதாவது மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

ஒரு நாள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது உன் கால் இல்ல?"

"வெறுப்பேத்தாதீங்க."

"சுண்டுவிரல் நகத்தப் பாரு. டூல்பாக்ஸ் விழுந்து ரெண்டா பொளந்துச்சே, அதேதான்."

"அது வலது கால்ல இருக்கு. இது இடது கால்."

மனிதர் போனைக் கண்ணாடி முன்னால் பிடித்தார். கண்ணாடிக்குள் இருந்தது என் வலது காலேதான். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு பாதங்களையும் படம் எடுத்திருந்தார்கள். கத்தியே படாத காலை இடம் வலம் மாற்றிப் போட்டு, குணமான கால் என்று காட்டிவிட்டார்கள்! இத்தனை நாளும் என் காலைப் பார்த்தே நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

கோபம் தலைக்கேறியது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கால்களையும் நீட்டி, "இது அறுத்த கால், இது அவங்க காட்டுற கால்" என்று நானே ஒரு வீடியோ போட்டேன். சாயங்காலத்துக்குள் யார் யாரோ தங்கள் வீங்கிய கால்களைப் படம் பிடித்து அனுப்பினார்கள். "அக்கா, எனக்கு மட்டும்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்" என்றாள் ஒருத்தி.

டாக்டரே கூப்பிட்டார். அந்த வீடியோவை அவர் பார்த்ததே இல்லையாம்.

"அத எடுத்துடச் சொல்லிட்டேம்மா, மன்னிச்சிருங்க. உங்க வீடியோவ நாங்க போட்டுக்கலாமா?"

"தாராளமா. ஆனா பாட்டு சேர்க்கக் கூடாது."

அடுத்த மாதம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா கூடியிருக்கு, ஓட்டலாம்" என்றார். ஒரு சைஸ் பெரிய ஷூவோடு சீட்டில் ஏறினேன். வீக்கம் இன்னும் கொஞ்சம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்! பஸ் நிறைய ஜனம் காத்திருக்க, இடது காலை ஊன்றி அழுத்தினேன். கிளட்ச் அடிவரை இறங்கியது.