ஸாரிக்குப் போகாதவள்

எங்கள் ஊரில் ஸாரிக்குப் பஞ்சமே இல்லை. பாங்குக்குப் போன் போட்டால் ஆள் எடுப்பதற்கு முன்பே இயந்திரம் ஸாரி சொல்கிறது. பெட்ரோல் லாரி வராத நாளில் பங்கில் ஸாரி என்று அட்டை தொங்கும். சொன்னது காதில் விழாவிட்டாலும் ஸாரி, காலை மிதித்தாலும் ஸாரி. அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அரசாங்கம் எங்கள் அம்மாக்களின் மடியிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனதற்குப் பார்லிமெண்டே ஒருநாள் டெலிவிஷனில் ஸாரி சொன்னது. கிழவிகள் அழுதார்கள். பிறகு டீ போட்டுக் குடித்தார்கள்.

பழங்குடிகளான எங்கள் ஆட்களுக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை. "ஸாரிக்குப் போயிருக்காங்க" என்றால் எங்கோ சாவு என்று அர்த்தம். செத்தவன் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பமே ஊருக்கு வெளியே தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துவிடும். சொந்தக்காரர்கள் அங்கே போய்க் கட்டிப்பிடித்து அழ வேண்டும். போய் அழாதவரைக்கும் துக்கக்காரியின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. மூன்று வாரமாக நான் போகவில்லை. செத்தவன் என் அக்கா வால்டாவின் மகன். எங்கள் கணக்கில் எனக்கும் அவன் மகன்தான்.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவன் போனதோடு அந்தப் பெயரையும் வாயிலிருந்து எடுத்துவிட்டோம். அதே பெயர் வைத்திருந்த கடை டிரைவரைக்கூட இப்போது குமஞ்சாய் என்றுதான் கூப்பிடுகிறோம், பெயரில்லாதவர்களுக்கெல்லாம் அதுதான் பெயர். ஆனால் என் செல்போனுக்கு யார் போய்ச் சொல்வது? அதைத் திறந்தால் அவன் பெயர் நிற்கிறது. பக்கத்தில் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு. பேசியது நாற்பத்தொரு விநாடி. அழிக்கவும் கை வரவில்லை, பார்க்கவும் தைரியம் இல்லை.

பதினாறு வருஷமாக நான் க்ளினிக்கில் ஹெல்த் ஒர்க்கர். நர்ஸ்கள் வருவார்கள், போவார்கள், நான் மட்டும் அங்கேயே கிடப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் டவுனுக்குப் போயிருந்தாள். க்ளினிக்குக்கு வரும் போன் என் செல்லுக்கு வரும்படி வைத்திருந்தோம். டெலிவிஷனில் ஃபுட்பால், கடைசிக் கால்மணி நேரம். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னான். "என்னத்த தின்னுத் தொலச்ச?" என்றேன். கங்காரு வால் என்றான். "அதான் காரணம். ஸாரிடா, இன்னிக்கு க்ளினிக் கெடையாது, காலைல வா" என்றேன். விடிவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சுவலி என்று யார் சொன்னாலும் எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

அவன் வீட்டிலிருந்து பேசினான் என்றுதான் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் க்ளினிக் கேட்டின் முன்னால் மண்ணில் அவன் பாதங்களைப் பார்த்தேன். எங்கள் ஊரில் எந்தக் காலடி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், அவன் இடது பாதம் சற்று வெளியே திரும்பியிருக்கும். கேட்டை ஒட்டி இங்கும் அங்குமாக நடந்திருக்கிறான், ஓரிடத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டுதான் எனக்குப் போன் போட்டிருக்கிறான். செத்தவன் தடம் தங்கக் கூடாது என்று பத்து மணிக்குப் பெண்கள் இலைக்கொத்துகளோடு வந்து, அவன் நடந்த இடத்தையெல்லாம் கூட்டி அழித்துக்கொண்டு போனார்கள். அங்கே இப்போது வெறும் சிவப்பு மண். இருந்தாலும் நான் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். ஞாயிறு மூன்று மணியானால் சட்டைப்பையில் போன் அதிர்கிறது. எடுத்தால் யாரும் கூப்பிட்டிருப்பதில்லை. பயமாக இருக்கிறது, மறைப்பானேன்?

டவுன் ஆபீஸிலிருந்து மேனேஜர் ட்ரெவர் பேசினார்.

"நீட்டா, விசாரணை வருது. அந்தக் குடும்பத்துப் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க. முக்கியமா, ஸாரின்னு வாயத் தொறந்துடாதீங்க. தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வக்கீல் சொல்றார்."

"எங்க ஆளுங்க ஸாரிக்குப் போறது அழறதுக்கு சார். அவ என் அக்கா."

"புரியுதுங்க. ஆனா அங்க போயி நீங்க என்ன பேசினீங்கன்னு நாளைக்குக் கேப்பாங்கல்ல? வேலை போயிடும்." போனை வைப்பதற்கு முன், "இத நான் சொல்ல வேண்டியிருக்கு, ஸாரி" என்றார்.

நல்ல மனிதர்தான். நானும் அவர் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒளிந்துகொள்ள எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் கடையில் மாவு எடுத்துக்கொண்டிருந்தேன். வால்டா அக்கா உள்ளே வந்தாள். மொட்டையாக வெட்டிய தலை, நெற்றியில் வெள்ளைக் களிமண். என்னைக் கண்டதும் டின் அடுக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே நின்றாள். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய மூச்சு எனக்குக் கேட்டது. கல்லாவில் இருந்த சித்தப்பா மகள் மெய்சி ஓடி வந்து எங்கள் நடுவில் நின்றாள். அக்கா ஒன்றும் வாங்காமல் வெளியே போய்விட்டாள்.

"வெக்கமா இல்லடி ஒனக்கு?" என்றாள் மெய்சி. "மகனுக்கு அழ வரல, மாவு வாங்க மட்டும் வருது."

"ஆபீஸ்ல போகக் கூடாதுன்னுட்டாங்க."

"ஆபீஸா ஒன்னப் பெத்துது? பாத்துக்காம விட்டவள அங்க கம்பால அடிப்பாங்கன்னு பயந்து ஒக்காந்திருக்க."

"அடிக்கட்டும். அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?" மெய்சியின் குரல் இறங்கியது. "கேட்டுக்க. துக்கத்துக்காக அவ பேச்ச விட்டுட்டா. இன்னும் எத்தன மாசமோ, எல்லாம் கை ஜாடதான். வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறா. எம்மகன் கடைசியா என்ன சொன்னான்னு. யாருக்குத் தெரியும்? சாயங்காலம் வந்து படுத்தவன், வாயத் தொறக்கல. கடைசியாப் பேசினது ஒன்கிட்டதானாம். அத வச்சுகிட்டு நீ என்னடி பண்ற?"

என்ன பண்ணினேன்? அந்த நாற்பத்தொரு விநாடியை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் மறுநாளே போய்ச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகவில்லை. தார்ப்பாய்களுக்குக் கொஞ்சம் தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு மண்ணில் உட்கார்ந்தேன். பெண்கள் எழுந்து வந்தார்கள். யாரும் அடிக்கவில்லை. வால்டா அக்கா என் மேல் விழுந்தாள், நான் அவள் மேல் விழுந்தேன். தொண்டை கட்டும்வரை அழுதோம். மூன்று வாரத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான்.

பிறகு அவள் என் எதிரில் நகர்ந்து உட்கார்ந்தாள். உள்ளங்கை மேலே தெரியும்படி கையைத் திருப்பினாள். என்ன என்று அர்த்தம்.

"க்ளினிக் கெடையாது, காலைல வான்னு சொன்னேன்கா" என்றேன். "ஆட்டம் பாத்துகிட்டிருந்தேன். போனுல அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கு. யாரு சின்னம்மா ஜெயிக்கிறான்னான். நம்ம ஆளுங்கதான்டான்னேன். சிரிச்சான். அப்ப நீ ஆட்டத்தப் பாரு சின்னம்மா, நான் காலைல வரேன்னு வச்சுட்டான்."

சுற்றி இருந்தவர்கள் மறுபடி ஓலமிட ஆரம்பித்தார்கள். அக்கா அழவில்லை. கை மறுபடி திரும்பியது. முதலிலிருந்து சொன்னேன். அவன் சிரித்தான் என்ற இடம் வந்ததும் என் முழங்காலைப் பிடித்து நிறுத்தினாள். கையைத் திருப்பினாள்.

"சிரிச்சான்கா" என்றேன்.

தலையை ஆட்டினாள். அது போதாது. கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

அத்தனை அழுகைக்கு நடுவில், அவன் எப்படிச் சிரித்தானோ அப்படியே நான் சிரித்துக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, மறுபடி கையைத் திருப்பினாள்.