உள்ளே ஆள் இருக்கா?

அண்ணனுக்குப் போட்டுவிட்ட சட்டையில் கடைசிப் பொத்தானைத் தம்பி மாட்டும்போது, கட்டிலருகே இருந்த பெட்டி 'டக்' என்றது.

"இன்னுமா வேலை பாக்குது?" என்றாள் அண்ணி.

அண்ணன் விடியும்போதே போய்ச்சேர்ந்துவிட்டார். பெட்டிக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.

அண்ணன் உடம்பில் ஊசி வழியாக ஏற்றிய நானோ துகள்கள் புற்றுநோய் செல்லைத் தேடிப் பிடித்து, அதன் வாயிலேயே மருந்தை ஊட்டுமாம். ஒவ்வொரு செல் பிடிபடும்போதும் பெட்டியில் ஒரு 'டக்'. அண்ணன் அவற்றுக்கு வைத்த பெயர் மாப்பிள்ளைகள். "உள்ள வந்துட்டானுங்க. இனி லேசுல கிளம்ப மாட்டானுங்க."

பெட்டியைத் திரும்ப வாங்கிப்போக வந்த ஆஸ்பத்திரிப் பெண், "உடம்புச் சூடு ஆறினா தானா நின்னுடும்" என்றாள். அண்ணனின் பாதத்தைத் தொட்டாள். கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

டக்.

"நின்னிருக்கணும்..." அவள் கையை இழுத்துக்கொண்டாள். "பின்னாடி ஸ்விட்ச் இருக்கு சார். நீங்களே அணைச்சுடுங்க."

"என்னால ஆகாதுப்பா," என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வண்டி வர்றதுக்குள்ள நீயே செஞ்சுடு."

அண்ணன் தம்பி இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். கரண்டை அணைக்கும் முன் கதவைத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதில் வந்துவிட்டால், கதவு திறக்கும்வரை வெளியே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். இருட்டில் தனியாக விடக்கூடாது. காலி லிஃப்ட் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் அண்ணன் தட்டாமல் விடமாட்டார்.

"பேய்கிட்டயும் பர்மிஷன் கேக்குறியாண்ணே?" என்று தம்பி சீண்டுவான்.

"கேட்டா உன் வாய் தேஞ்சிடுமாடா?"

தம்பி ஸ்விட்சில் விரலை வைத்தான். பழக்கதோஷம், மறு கை தானாகப் போய் அண்ணனின் நெஞ்சில் இரண்டு முறை தட்டியது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

கேட்ட பிறகுதான் கூச்சமாக இருந்தது. இழவு வீட்டிலும் கோமாளித்தனமா என்று அண்ணி திட்டுவாள் என்று பார்த்தான். அவள் திட்டவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி மௌனமாக இருந்தது. ஆஸ்பத்திரிப் பெண் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

டக். டக்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது.

"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க அண்ணி," என்றான் தம்பி.

ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்தான். முக்காலியை இழுத்துப் போட்டு, அண்ணனின் காதருகே உட்கார்ந்தான்.

"பயப்படாதீங்க," என்றான். "வெளியிலதான் உக்காந்திருக்கேன்."