மாமா அடைத்த ஓட்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது என் கற்பனையில் பிறந்த கதை இல்லை. இன்று காலை, சாப்பாட்டு மேசையில் என் மனைவியும் அவள் அப்பாவும் போட்ட சண்டையில் பிறந்தது. மனைவி இன்ஜினியர். உடைந்த கடல் தடுப்புச் சுவரைச் சரிசெய்வது அவள் பொறுப்பு. சுவர் போனால், அதை ஒட்டிப் போகும் சாலையும் போகும். அவள் அப்பா அங்கே தலைமை மேஸ்திரி. நான் எழுத்தாளன். அதாவது, வீட்டில் இருப்பவன்.

2

முதல் தொடக்கம்: ‘கடல் சீறியது. வானம் கறுத்தது. அவள் கண்களில்…’

(அடித்துவிட்டேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: ‘மேஸ்திரி சுவரைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.’

இது நிஜம். வில்லங்கமே அந்த வழவழப்புதான். அலை தாண்டி விழும் தண்ணீர் சுவருக்குப் பின்னால் மண்ணில் இறங்கும். அது திரும்ப வடிவதற்காகச் சுவரில் நாற்பது ஓட்டைகள் விட்டிருந்தார்கள். மகள் இரண்டு நாள் லீவு போட்டிருந்த நேரம் பார்த்து, ‘அசிங்கமா இருக்கு’ என்று நாற்பதையும் பூசி அடைத்துவிட்டார் மாமா.*

* இவரை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். பெண் கொடுத்த மனுஷர். வேண்டாம்.

3

சண்டை, நடந்தது நடந்தபடி:

“அப்பா, தண்ணி எந்த வழியாப் போகும்?”

“எதுக்கும்மா போகணும்? என் பூச்சுல ஒரு சொட்டு கசியாது.”

“கசியணும்பா! உள்ள தேங்கினா சுவரையே வெளிய தள்ளிடும். இன்னிக்கு மூணு மணிக்குக் கடல் ஏறுது, இந்த மாசத்துலேயே பெரிய ஏத்தம். ரோடு போயிடும். என் வேலையும் போயிடும்.”

மாமா கையைக் கழுவினார். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஃபினிஷிங் வந்ததே இல்ல,” என்று சொல்லிவிட்டு டிரில் மிஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது.

4

மதியம் மனைவி போன் செய்தாள். அதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

“கடைசியில சுவர் இடியிற மாதிரி வைக்கலாம்னு இருக்கேன். அப்பதான் கதை நிக்கும்.”

“உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? இருபத்தெட்டு ஓட்டை திறந்தாச்சு, இன்னும் பன்னிரண்டு இருக்கு. ஆளுங்களை எல்லாம் ரோட்டுக்கு ஏத்திட்டேன். அப்பா மட்டும் வரமாட்டேங்கறார். ‘அடைச்சவன் நான், நானே திறக்கறேன்’னு கீழயே நிக்கறார். முழங்கால் வரைக்கும் தண்ணி வந்தாச்சுங்க.”

அழுதாள். கல்யாணத்தன்றுகூட அழாதவள்.

5

மணி இரண்டே முக்கால். கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

முடிவு அ: சுவர் நிற்கிறது. பூச்சு கெட்டுப்போனதைச் சொல்லிச் சொல்லி மாமா ஆறு மாதம் புலம்புகிறார்.

முடிவு ஆ: சுவர் சரிகிறது, சாலை போகிறது. வேலை போன மனைவி வீட்டிலேயே உட்கார்ந்து நான் எழுதுவதை எல்லாம் திருத்துகிறாள்.

[முடிவு இ: மாமா…]

இல்லை. இதை எழுத மாட்டேன்.

மாமாவை மேலே இழுக்க ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரை நிறுத்துங்கள், இடியுங்கள், உங்கள் இஷ்டம். மருமகன் சொன்னால் அவர் கேட்கமாட்டார். நீங்கள் மூன்றாம் மனிதர், கேட்டாலும் கேட்பார். முதலில் அவர் கையைப் பிடித்து ரோட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.